பாக்டீரியாவின் சுழலும் இழை

கேள்வி: அமீபாவுக்குப் போலிக்கால் உண்டு எனப் படித்திருக்கிறேன். காலும் தசையும் இல்லாத பாக்டீரியா எப்படி நீந்துகிறது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: போலிக்கால் அமீபாவின் நிலையான உறுப்பன்று, செல்லினுள் இருக்கும் சைட்டோபிளாசம் ஒரு பக்கமாகப் பாய்வதால் உண்டாகும் தற்காலிகப் புடைப்பே அது. பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரி ஆயிரக்கணக்கான குறுயிழைகளைத் துடுப்புகளைப் போல வீசி நீந்துகிறது. பாக்டீரியாவின் வழி இவ்விரண்டினும் வேறானது. எனக்கு மிகுந்த வியப்பளிப்பதும் அதுவே.

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமுள்ளது. அதன் சுருள் வடிவக் கசையிழைகள் சாட்டையைப் போல அசைகின்றன என்றே பலர் நெடுங்காலம் கருதினர் (கசை என்ற சொல்லுக்கே சாட்டை என்றுதான் பொருள்). ஆனால் அவை உண்மையில் சுழல்கின்றன என்று 1973இல் ஹோவர்ட் பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளரும் வாதிட்டனர். மறு ஆண்டே, கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தபோது பாக்டீரியாவின் உடலே சுழன்றதை மைக்கேல் சில்வர்மனும் மெல்வின் சைமனும் காட்டினர். ஒவ்வோர் இழையின் அடியிலும் புரதங்களாலான மோட்டார் ஒன்று செல் சவ்வில் பதிந்திருக்க, வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள் அதை நொடிக்குச் சுமார் 100 முறை சுழற்றுகின்றன. மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுழலும்போது இழைகள் ஒரே கற்றையாகிச் செல்லை முன்னே தள்ளும். சில வலஞ்சுழியாக மாறினால் கற்றை கலைந்து, செல் புரண்டு, வேறு திசையில் கிளம்பும். உணவு மிகும் பக்கம் செல்கையில் இந்தப் புரளல் குறைவதால், கண்ணில்லாமலே அது உணவை நெருங்கிவிடுகிறது.

இவ்வளவு சிறிய உயிருக்கு நீரே தேனைப் போலத் தடுக்கும் என்பதால், சுழற்சி நின்றதும் ஓர் அணுவின் விட்டத்தைக்கூடக் கடக்காமல் பாக்டீரியா நின்றுவிடும்.