வாட்ஸாப்பில் சுற்றும் உளவியல் சோதனைகள்: கேள்வி பதில்

உளவியல் பாடம் நடத்துகிறேன். பிரபலமான சோதனைகளைப் பற்றி எதுவும் கேட்கலாம். மாத்திரை, சிகிச்சை மட்டும் வேண்டாம்.

ராஜி: கொஞ்சம் பொறுத்தால் இரண்டு தருகிறேன் என்றதும், கையிலிருந்த மார்ஷ்மெல்லோ மிட்டாயைச் சாப்பிடாமல் காத்திருந்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் ஜெயிப்பார்கள் என்று மகனின் பள்ளியில் சொன்னார்கள். என் பையனுக்கு நாலு வயது, ஒரு நிமிடம் தாங்க மாட்டான். கவலைப்படணுமா சார்?

வேண்டாம் அம்மா. உளவியலாளர் வால்டர் மிஷல் அந்தச் சோதனையைத் தொடங்கியது 1960களின் இறுதியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில். எந்தச் சோதனையானாலும் யாரை வைத்து, எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். 2018இல் வேறு மூன்று ஆய்வாளர்கள் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை அலசினார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும், காத்திருப்புக்கும் பின்னாளைய மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது செலஸ்ட் கிட் குழுவின் சோதனை. நல்ல வரைபொருள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, சில குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், சிலரை ஏமாற்றினார்கள். அப்புறம் மார்ஷ்மெல்லோ. சொன்னபடி கிடைத்தவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்! வாக்குத் தவறியவரை நம்பி எந்தப் பிள்ளை காத்திருக்கும்? ஆனால் மொத்தம் 28 குழந்தைகள்தான், அதையும் மறக்க வேண்டாம்.

முரளி: 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா?

இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்தது. பொதுவாக 66 நாள் அளவில் ஆனது. 18 நாளில் முடித்தவரும் உண்டு. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது.

ஹரி: மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. சும்மா இருக்கவா?

செல்வம்: நியூயார்க்கில் ஒரு பெண்ணைக் கொலை செய்தபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்களே. மனிதன் அவ்வளவுதான் சார்.

கிட்டி ஜெனோவீஸ், 1964 மார்ச் 13, குவீன்ஸ் பகுதி. 38 என்ற கணக்கு நியூயார்க் டைம்ஸ் செய்தியிலிருந்து பரவியது. அந்தச் செய்தி பிழையானது என்று 2016இல் அதே பத்திரிகை எழுதியது. முதல் தாக்குதலின்போது ஒருவர் ஜன்னலிலிருந்து கத்த, கொலையாளி ஓடினான். இரண்டாவது தாக்குதல் நடந்தது கட்டடத்துக்குள், மாடிப்படி அருகே. அதைப் பார்க்கக்கூடியவர்களே மிகக் குறைவு. சோஃபியா ஃபேரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண் இறங்கி ஓடிவந்து கிட்டியைத் தாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணே 1968இல்தான் வந்தது.

செல்வம்: சரி, ஆய்வகத்திலும் அதையே நிரூபித்தார்களே?

உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேவும் 1968இல் வெளியிட்ட சோதனை அது. வலிப்பு வந்தவரின் குரல் கேட்கிறது. தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நினைத்தவர்களில் 31. ஆனால் ஒவ்வொருவரும் தனி அறையில் இருந்தார்கள். அடுத்தவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. தெரு அப்படியா? ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களில் கேமராவில் பதிவான 219 தெருச்சண்டைகளைப் பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் தலையிட்டார். கூட்டம் கூடக்கூட, யாராவது உதவும் வாய்ப்பும் கூடியது.

கலா: செல்வம் சார் சொல்வதுதான் சரி. நம் ஊரில் விபத்து என்றால் எல்லாரும் போனைத்தான் தூக்குகிறார்கள்.

சண்டையும் விபத்தும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே போலீஸ், கோர்ட்டு அலைச்சல் பயமும் உண்டு. அதைக் கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். உதவுபவரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் ஒப்புதல் தந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்ந்தது. தெரிந்தவர் எத்தனை பேர்?

செல்வம்: சட்டம் இருந்தாலும் ஒதுங்கித்தான் போவார்கள்.

219 சண்டைக்கு நீங்கள் ஒரு கணக்கு கொண்டுவாருங்கள், பேசலாம்.

தேவி: 21 நாள் போதுமா, 48 நாள் மண்டலம் வேண்டுமா?

முரளிக்குச் சொன்னதைப் படியுங்கள். மண்டலம் விரதத்துக்கு. முடிந்ததும் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

குமார்: மகனுக்குக் கவனம் நிற்பதில்லை. என்ன மாத்திரை தரலாம்?

குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பிரபு: 21 நாள்...

66.

நசீமா: மில்கிராம் மின் அதிர்ச்சிச் சோதனையாவது உண்மையா?

பெரும்பாலும் நிற்கிறது. ஆய்வாளர் சொல்லச் சொல்ல, இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி தருவதாக நினைத்துக்கொண்டு 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி பொய், பதற்றம் நிஜம். கூட இருந்த இருவர் மறுத்து எழுந்த இன்னொரு சுற்றில் கடைசி வரை போனவர்கள் 4 பேர்தான். இதையும் சேர்த்து ஃபார்வர்ட் செய்யுங்கள்.