மைக்செட்டும் ஏ.ஐ.யும்: கடலோர செட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஏ.ஐ.யை வைத்து செட்டில் பழுது பார்ப்பது, டியூன் செய்வது பற்றி நம் பக்கத்துச் செட்டுக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். எதைக் கேட்பதற்கு முன்பும் ஒன்று: பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள்.

உச்சிப்புளி: அண்ணே, மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சப் (பாஸ் ஸ்பீக்கர்) வைத்து அளந்தேன். 63 ஹெர்ட்ஸில் பெரிய பள்ளம். கிராஃபைக் காட்டியதும் ஏ.ஐ. 12 டிபி (டெசிபல்) ஏற்றச் சொல்கிறது. ஏற்றலாமா?

ஏற்றாதே தம்பி. 12 டிபி என்றால் கிட்டத்தட்ட 16 மடங்கு பவர். 200 வாட்டில் ஓடும் சப்பிடம் 3200 வாட் கேட்கிறாய், பள்ளமும் நிரம்பாது, ஸ்பீக்கரின் காயிலும் கருகும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது, அப்படியென்றால் 63 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஐந்தரை மீட்டர். மைக் நின்ற இடத்துக்கு ஒரு பக்கத்து சப்பைவிட மறுபக்கத்து சப் இரண்டே முக்கால் மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து இரண்டும் கழிந்துபோகும். நீ எவ்வளவு ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே கழியும். மைக்கை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து மறுபடி அளந்து பார். பள்ளம் இடம் மாறினால் அதில் ஈக்யூவுக்கு (பாஸ், ட்ரெபிள் என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) வேலையே இல்லை. நாலு சப்பையும் மேடைக்கு நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைத்து அள. அதற்கும் முன்னால், நாலில் ஒன்றுக்கு வயர் மாறி பிளஸ் மைனஸ் திரும்பியிருக்கிறதா என்று பார்.

ஏ.ஐ.க்கு நீ ஒரே ஒரு கிராஃபைக் கொடுத்தாய், அதற்குக் கண்ணில் பட்டது ஒரு பள்ளம்தான். நாலைந்து இடத்து அளவு, சப் எங்கே, மைக் எங்கே, உயரம் என்ன என்று மீட்டர் கணக்கோடு கொடுத்துக் கேள். பதில் வேறு மாதிரி வரும். இந்த மாதிரி நிறைய அளவுகளை ஒப்பிட்டு, எது எல்லா இடத்திலும் பொதுவாக இருக்கிறது, எது ஓரிடத்தில் மட்டும் என்று பிரித்துத் தருவதில் ஏ.ஐ. உண்மையிலேயே நல்ல துணை.

தேவிபட்டினம்: எந்த ஏ.ஐ. நல்லது?

எதுவானாலும் சரி. கொடுக்கிற அளவு ஒழுங்காக இருக்கட்டும்.

கீழக்கரை: பள்ளிவாசல் உள்ளே பயான் (சொற்பொழிவு) புரியவில்லை, எல்லாம் எதிரொலி. ஏ.ஐ. ஈக்யூ செட்டிங் தந்தது, போட்டும் மாற்றமில்லை.

பாய், கல் சுவரும் உயரமான கூரையும் திருப்பி அனுப்பும் ஒலியை ஈக்யூவால் நிறுத்த முடியாது. காதுக்கு நேராக வரும் ஒலி கூட வேண்டும், சுவரில் பட்டு வருவது குறைய வேண்டும். மேலே மூலையில் தொங்கும் பெரிய பாக்ஸை இறக்கிவிட்டு, தூணுக்குத் தூண் சின்ன ‘காலம்’ (column, ஒல்லியான நீள) ஸ்பீக்கர்களை ஆள் உட்காரும் உயரத்தைப் பார்த்து வைத்து, வால்யூமைக் குறையுங்கள். கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் பாதியானாலே நேர் ஒலி 6 டிபி கூடும்.

சாயல்குடி: போன் மைக்கில் அளந்தால் போதுமா?

எந்த ஹெர்ட்ஸில் செட்டு கூவுகிறது என்று கண்டுபிடிக்கப் போதும். டியூன் செய்யப் போதாது. போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், கீழ் பாஸையும் வெட்டும். மெஷர்மென்ட் மைக் ஒன்று வாங்குங்கள். ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. (REW) மென்பொருள் இலவசம்.

திருப்புல்லாணி: ஜெனரேட்டரில் போட்டால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். ஏ.ஐ. கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வரும் கோளாறு) என்கிறது. எர்த்தை எடுத்தால் நிற்கிறது.

எடுத்த எர்த்தை உடனே திரும்ப மாட்டுங்கள். ஈர மணலில் செருப்பில்லாமல் நிற்கும் பாடகர் மைக்கை உதட்டில் வைக்கிறார், எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால் அது அவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். மிக்சரையும் ஆம்பையும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வையுங்கள், சிக்னல் லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இரைச்சலைப் பதிவுசெய்து பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் முதலில் லூப்பைத் தேடலாம், 100 தூக்கலாக இருந்தால் ஆம்பின் பவர் சப்ளை கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். ஏ.ஐ.யிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

தங்கச்சிமடம்: கோயில் திருவிழாவுக்கு 42 மீட்டர் பின்னால் டிலே பாக்ஸ் (பின்வரிசைக்குச் சற்றுத் தாமதமாக ஒலிக்கும் ஸ்பீக்கர்). ஏ.ஐ. 122 மில்லி செகண்ட் சொன்னது. சரியா?

தொண்டி: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் இருந்தது? காதே போதும். இந்தப் பிள்ளைகள் திரையைப் பார்த்தே செட்டு போடுகிறார்கள்.

தங்கச்சிமடம்: அண்ணே, இரண்டு மில்லி செகண்ட் வித்தியாசத்தைக் காது எண்ணிச் சொல்லுமா?

இரண்டு பேரும் கேளுங்கள். அந்த 122 என்பது, 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் கரையில் திருவிழா ராத்திரி 20 டிகிரிக்கு இறங்காது. 30 டிகிரியில் 120 வரும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மேடையிலிருந்து பின்பக்கமாக அடித்தால் 118.5, எதிர்த்து அடித்தால் கிட்டத்தட்ட 122. பாம்பன் பக்கம் செட்டு போட்டவருக்கு அந்தக் காற்று புதிதில்லை. அதனால் கணக்கை நம்பி விடாமல் இடத்தில் அளக்க வேண்டும், மைக்குக்குக் காற்றுத் தடுப்பு நுரையும் போட வேண்டும். கோஹரன்ஸ் (அளவை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் கோடு) விழுந்து கிடக்கும் அளவை எந்த ஏ.ஐ.யிடம் கொடுத்தும் பயனில்லை.

தொண்டி அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அளந்த பிறகு டிலேயைப் பத்து மில்லி செகண்ட் அளவுக்குக் கூட்டினால் குரல் மேடையிலிருந்தே வருவது போலத் தோன்றும், எங்கே நிறுத்துவது என்பதைப் பின்வரிசையில் நின்று காதால்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தை காணவில்லை என்ற அறிவிப்பில் பெயர் தெளிவாக விழுகிறதா என்பதும் காதின் வேலை.

தொண்டி: அதைத்தானே சொன்னேன்.

இல்லை அண்ணே, நீங்கள் காதே போதும் என்றீர்கள். நாலு மணி நேரம் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற காது மேல் சத்தத்தை இழந்துவிடும், தெரியாமலே ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவோம். முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்குக் காது வலிக்கும். மைக் களைப்படையாது. மதியம் அளந்து சேமித்த கிராஃபோடு ராத்திரி எடுத்ததை ஒப்பிட்டால் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நல்ல காது உள்ளவருக்குத்தான் அந்த ஒப்பீடு அதிகம் உதவும், உங்களுக்கு நிச்சயமாக உதவும்.

ஏர்வாடி: எந்த ஏ.ஐ. வாங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

முதுகுளத்தூர்: 16 ஓம் குழாய் யூனிட் எட்டை பாரலலில் போட்டால் ஆம்ப் கெட்டுவிடும் என்கிறது ஏ.ஐ. ஆனால் எல்லோரும் எட்டு குழாய் கட்டுகிறார்களே?

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போட்டால் 2 ஓம், ஏ.ஐ. சொன்னது சரி. மற்றவர்கள் குழாய்க்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 100 வோல்ட் லைனில் கட்டுகிறார்கள். அங்கே ஓம் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் தேர்ந்தெடுத்த வாட்டை (டேப்) மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். 30 வாட் டேப் எட்டு என்றால் 240, அதற்கு 300 வாட் ஆம்ப் வையுங்கள்.

மூக்கையூர்: ஒரு பாக்ஸ் மட்டும் விட்டு விட்டுக் கரகரக்கிறது. ஏ.ஐ. கிராஸ்ஓவரை (பாஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் போர்டு) மாற்றச் சொல்கிறது. எர்த்தை எடுத்துப் பார்க்கலாமா?

எர்த்தைத் தொடாதீர்கள், எத்தனை தடவை சொல்வது! கடலோரத்தில் விட்டு விட்டுக் கரகரத்தால் முதலில் ஸ்பீக்கர் கேபிளின் ஸ்பீகான் பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே பித்தளைப் பட்டையில் பச்சை படிந்திருக்கும், திருகுக்கு அடியில் செம்பு இழைகள் கறுத்து, தொட்டால் உதிரும். கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் பளபளப்பான செம்பு தெரியும் வரை தோலை உரித்து மறுபடி முறுக்குங்கள், பட்டைக்குக் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அதன் பிறகும் கரகரத்தால் கேபிளை அடுத்த பாக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறு கேபிளோடு போகிறதா, பாக்ஸிலேயே நிற்கிறதா என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.