மை ஓவியம் வரைபவருக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது, எப்படி வரைகிறீர்கள்?

சென்னை ராயபுரத்தில் இருந்துகொண்டு மூன்று வருடமாக மையில் வரைகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என்னை முதலில் உலுக்கியவை ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) வரைந்த காந்தி கோட்டோவியங்கள். சில கோடுகளிலேயே ஒரு மனிதரின் நடை வந்துவிடும். இன்றும் மனம் சோர்ந்தால் அவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

மற்றபடி எனக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான் எல்லாம். விடியுமுன்னே, மீன் ஏலம் நடக்கும்போதே போய்விடுவேன். அங்கே சின்ன நோட்டில் கிறுக்கல் மட்டும். குவிந்து கிடக்கும் வலையை வரையும்போது ஒவ்வொரு கண்ணியையும் போடமாட்டேன். மடிப்புகளில் மட்டும் கோடுகளை நெருக்கிவிட்டு, மேற்பகுதியை வெறும் தாளாக விடுவேன். மீதியைப் பார்ப்பவரின் கண்ணே பின்னிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலில் லேசாக அமைப்பு, அப்புறம் நிப் பேனா. இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையின் கருமை புகைக்கரியிலிருந்து வருகிறது. அரக்கு கலந்த வகை காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. அதனால் கோட்டின்மேல் நீர்த்த மையைத் தைரியமாகப் பூசலாம். வெளிறிய சாயலில் தொடங்கி அடர்த்திக்குப் போங்கள், திரும்பி வர வழியில்லை. கடற்காற்றின் ஈரத்தில் இங்கே மெதுவாகத்தான் காயும். ஒருமுறை அவசரத்தில் உள்ளங்கை பட்டு, வரைந்து முடித்த படகு ஒன்றின் அணியம் (முன்பகுதி) முழுக்க இழுபட்டுவிட்டது. இப்போது கைக்கடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கும்.

சரி, நிப்பை மட்டும் வரைந்த உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். இந்த மை உள்ளே காய்ந்தால் அடைத்துக்கொள்ளும்.