மரபணு ரிப்போர்ட் இருக்கட்டும், பிளேட்லெட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: டெக்சாஸில், சான் அன்டோனியோவில் வசிக்கிறோம். என் கணவர் மெக்சிகோ வம்சாவளி, வயது 46. குடிப்பழக்கமே இல்லாத என் மாமனார் சிரோசிஸில் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் நோய்) இறந்தார். கணவருக்கும் ஃபேட்டி லிவர். எச்சில் பரிசோதனையில் பி.என்.பி.எல்.ஏ.3 மரபணு மாற்றம் இரண்டு பிரதியிலும் இருப்பதாக வந்திருக்கிறது. வலப்பக்கம் லேசான வலி, வாயுத்தொல்லை, கழுத்தில் கருமை. கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 38, நார்மல்தான். இணையத்தில் படித்து மஞ்சள் காப்ஸ்யூலும் லிவர் டீடாக்ஸ் பொடியும் தருகிறேன். மூன்று வருட ரத்த ரிப்போர்ட்டுகளை இணைத்துள்ளேன். பிள்ளைகள் இருவருக்கும் இது வருமா?

பதில்: மாமனாருக்கு வந்தது கணவருக்கும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அப்படியென்றால் முதலில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) வரியைப் பாருங்கள். 2,48,000, அடுத்த வருடம் 2,05,000, இப்போது 1,58,000. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கும்வரை லேப் அதை நார்மல் என்றுதான் அச்சடிக்கும். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சரிவு தெரியும். கல்லீரலில் தழும்பு ஏற ஏற, அதற்குள் ரத்தம் போவது தடைப்படும். மண்ணீரல் பெருத்து, பிளேட்லெட்டுகளைத் தனக்குள் தேக்கிக்கொள்ளும். ஏ.எல்.டி. நார்மல் என்று நிம்மதியடையாதீர்கள். தழும்பு முற்றிய கல்லீரலிலும் அது நார்மலாக இருக்கலாம்.

வயது, ஏ.எஸ்.டி. (ஏ.எல்.டி. போலவே இன்னொரு நொதி), ஏ.எல்.டி., பிளேட்லெட் நான்கையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவோம். ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.டி. 44. போட்டுப் பார்த்தேன், 2.08 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம், 2.67-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பைச் சந்தேகிப்போம். இவர் நடுவில் இருக்கிறார். ஆகவே கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனை இந்த மாதமே எடுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிட வேலை. இறுக்கம் 8 கிலோபாஸ்கலுக்கு மேல் வந்தால் கல்லீரல் நிபுணரிடம் போங்கள். தழும்பு இருந்தாலும் இன்று மருந்து உண்டு: அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோமுக்கும், 2025-ல் செமாக்ளூடைடுக்கும் இதற்காக அனுமதி கிடைத்திருக்கிறது. உங்கள் மாமனாருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

சரி, மரபணு. இந்த மாற்றத்துக்கும் கல்லீரல் கொழுப்புக்கும் உள்ள தொடர்பை 2008-ல் கண்டுபிடித்ததே உங்கள் மாநிலத்து டாலஸில்தான். அங்கே பரிசோதித்த ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களின் மரபணுப் பிரதிகளில் 49 சதவீதத்தில் அது இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 23, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 17. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளிடம் இது மிகவும் பரவலாக இருப்பதே காரணம். ஹிஸ்பானிக் என்று எல்லோரையும் ஒரே பெயரில் அழைத்தாலும், பூர்வகுடி மூதாதையர் பங்கு கூடுதலாக உள்ள மெக்சிகோ வம்சாவளியினரிடம் இது அதிகம். போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிகன் குடும்பங்களில் குறைவு. இரண்டு பிரதியும் உள்ளவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் உடம்பு ஒல்லியாக இருந்தால் இந்த மரபணுவால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. தொப்பை போடப்போடத்தான் அதன் கை ஓங்குகிறது. எடை குறைந்தால் இவர்களுக்கும் கொழுப்பு கரைகிறது. எடையில் 10 சதவீதம் குறைத்தால் தழும்பே பின்வாங்க வாய்ப்பு உண்டு. மது மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம். இந்த மரபணுவோடு அது சேர்ந்தால் சேதம் வேகமாகும்.

பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி நிச்சயம் வந்திருக்கும். இன்னொன்று உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம். நம் ஆட்களிடமும் இது இல்லாமல் இல்லை. அதற்காக அவர்களின் எச்சிலை அனுப்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். ஹிஸ்பானிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், இரண்டு பிரதி இருந்தவர்களுக்குத்தான் சாப்பாட்டில் சர்க்கரை ஏற ஏறக் கல்லீரல் கொழுப்பும் ஏறியது. சாப்பாட்டு மேஜையில் சோடா, ஓர்சாட்டா என்ற இனிப்பு அரிசிப் பானம், ஜூஸ் எதுவும் இருக்க வேண்டாம். தண்ணீர் போதும்.

வலியும் வாயுவும் பெரிய விஷயமில்லை. கழுத்துக் கருமை இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பாருங்கள்.

அப்புறம் அந்தக் காப்ஸ்யூல். சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. மிளகுச் சத்து சேர்த்து அடைத்து விற்கும் மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். டீடாக்ஸ் பொடியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலில் இதையெல்லாம் பரிசோதித்துப் பார்க்காதீர்கள். இன்றே நிறுத்துங்கள். ஃபைப்ரோஸ்கேனுக்குப் போகும்போது இரண்டு டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.