மலம் கறுப்பாகப் போகிறதே, இரும்பு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகன் 31-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். அப்போது எடை 1.4 கிலோ. இப்போது இரண்டு மாதம் முடிந்து 2.6 கிலோ இருக்கிறான், தாய்ப்பால்தான் குடிக்கிறான். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து சொட்டு மருந்தை ஆரம்பித்ததில் இருந்து மலம் கறுப்பாகப் போகிறது. ‘பச்ச உடம்புக்கு இரும்பு எதுக்கு, நிறுத்து’ என்கிறார் மாமியார். போன வாரம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11 இருந்தது. ரத்தம் நன்றாக இருக்கும்போது எதற்கு இந்த மருந்து?
- வாசகி, கோத்தகிரி

பதில்: நிறுத்தாதீர்கள். இன்றைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கறுப்பு நிறம், உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்பின் நிறம், அவ்வளவுதான். தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டினாலோ, சிவப்பு தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு போனாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, ‘ரத்தம்தான் நன்றாக இருக்கிறதே’ என்று கேட்டீர்கள் இல்லையா, எனக்குக் கவலையே அங்கேதான். கிடைக்கிற இரும்பைக் குழந்தையின் உடம்பு முதலில் சிவப்பணு செய்யத்தான் கொடுக்கும், மூளையின் முறை அதற்குப் பிறகுதான் வரும். அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே மூளை இரும்புக்கு ஏங்கிக்கொண்டிருக்கலாம், அது உங்கள் கையில் இருக்கும் லேப் சீட்டில் தெரியாது. கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற இன்னொரு பரிசோதனை, அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். இன்னொன்று, கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உடம்பு கூடுதலாகச் சிவப்பணு செய்துகொள்ளும், அதனால் சமவெளிக் கணக்கை வைத்துக்கொண்டு மலையில் இருப்பவர்களின் ஹீமோகுளோபினைப் பார்த்து நிம்மதி அடைவது சரியில்லை.

உங்கள் மகனுக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு? அம்மாவிடம் இருந்து குழந்தைக்கு இரும்பு பெருமளவு போய்ச் சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில். நிறைமாதக் குழந்தை கிலோவுக்கு சுமார் 75 மி.கி. இரும்போடு பிறந்து, அதை வைத்தே நாலைந்து மாதம் ஓட்டிவிடும். இவனுக்கு அந்தச் சேமிப்புக் காலத்தில் ஒன்பது வாரம் கிடைக்கவே இல்லை. அதோடு 1.4 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 120 மில்லி போல, ஒரு டம்ளர்கூட வராது. இன்குபேட்டரில் இருந்தபோது பரிசோதனைக்கு எடுத்த ஒவ்வொரு மில்லியோடும் அரை மில்லிகிராம் இரும்பு போயிருக்கும். இப்போது எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது, அதற்குத் தகுந்த ரத்தமும் ஊற வேண்டுமே.

இதே மாதங்களில்தான் மூளையும் வேகமாக வளர்கிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிவதற்கு இரும்பு வேண்டும், அந்த உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும். மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருள் தயாராகவும், நினைவைப் பதித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி வளரவும் இரும்பு வேண்டும். ஸ்வீடனில் 2 முதல் 2.5 கிலோ எடையில் பிறந்த 285 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஆறு வாரத்தில் இருந்து ஆறு மாதம் வரை இரண்டு பிரிவுக்கு இரும்பும் ஒரு பிரிவுக்கு இரும்பு இல்லாத வெறும் சொட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றரை வயதில் அறிவுத்திறன் சோதனையில் வித்தியாசம் இல்லை. ஆனால் நடத்தைச் சிக்கல்கள் இரும்பு கிடைத்தவர்களில் 3 சதவீதம் போல, கிடைக்காதவர்களில் 12.7 சதவீதம். உங்கள் மகன் அவர்களைவிட எவ்வளவு சின்னவனாகப் பிறந்தான் என்று யோசியுங்கள்.

தாய்ப்பாலைக் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இரும்பு அரை மில்லிகிராமைத் தாண்டாது. நீங்கள் முருங்கைக்கீரையும் ஈரலும் சாப்பிடுவது உங்கள் உடம்புக்கு நல்லது, பாலில் அது பெரிதாக ஏறாது. குறைமாதக் குழந்தைக்குத் தேவை கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மி.கி. குறைந்தபட்சக் கணக்கிலேயே இவனுக்கு சுமார் 5 மி.கி. வேண்டும். மில்லிக்கு 10 மி.கி. உள்ள மருந்து என்றால் அரை மில்லி. பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும், லேபிளைப் பார்க்காமல் ஃபில்லரில் எடுக்காதீர்கள். நிறைய வீடுகளில் நடக்கிற தப்பு ஒன்று உண்டு, டிஸ்சார்ஜ் அன்று எழுதிக் கொடுத்த அளவையே மாதக்கணக்கில் கொடுப்பது. குழந்தை 4 கிலோ ஆனால் மருந்தும் கூட வேண்டும், எடை போடும்போதெல்லாம் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வயது வரை தொடரச் சொல்வார்கள். பாட்டிலை மற்ற பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாமியாரையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பேரன் மேல் இருக்கும் பயத்தில்தான் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் மகள் 29 வாரத்தில் பிறந்தாள், மூன்று தடவை ரத்தம் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக் குறைமாதக் குழந்தைக்கு இரும்பு மருந்து கொடுக்கிறார்கள், எங்களுக்கு எழுதவே இல்லை. மறந்துவிட்டார்களா?
- வாசகர், பண்ணைக்காடு

பதில்: மறந்திருக்க வேண்டியதில்லை. ஏற்றிய ரத்தத்தோடு இரும்பும் உள்ளே போகிறது, சிவப்பணுவை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றும் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் வரைகூட இருக்கும். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. கட்டுக்குள் இல்லாத இரும்பு செல்களை அரிக்கும், அதைத் தடுக்கும் சக்தி குறைமாதக் குழந்தைக்குக் குறைவு. அதனால் ஃபெரிட்டின் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பார்கள். எப்போது ஆரம்பிப்பது என்று அடுத்த முறை நீங்களே கேளுங்கள். பக்கத்து வீட்டு பாட்டிலை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஏழு மாதக் குழந்தைக்கு ரெண்டு ஸ்பூன் டீ கொடுக்கிறோம். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் கொடுப்பதுதான். தப்பா?
- வாசகி, குன்னூர் அருகே ஒரு எஸ்டேட்

பதில்: தப்புதான், நிறுத்திவிடுங்கள். டீயின் துவர்ப்பு இருக்கிறதே, அதே பொருள்தான் குடலில் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. குறைமாதக் குழந்தை என்றால் கஷ்டப்பட்டுக் கொடுத்த சொட்டு மருந்தும் வீண். நீங்களும் சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் தள்ளியே டீ குடியுங்கள். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், வேகவைத்து மசித்த ஈரல் கொஞ்சம், பருப்புச் சோற்றில் ரெண்டு சொட்டு எலுமிச்சை என்று பழக்குங்கள், புளிப்பு இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். குளிருக்குத் தலையில் குல்லா போட்டு, மார்போடு அணைத்து, முகம் வெளியே தெரிகிற மாதிரி மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.