திருப்பூர் போனதால் வந்த லாபம் எவ்வளவு?

கேள்வி: முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். எங்களுடையது திண்டுக்கல் மாவட்டத்து மானாவாரிக் கிராமம். பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போன 40 குடும்பங்களையும் ஊரிலேயே இருக்கும் 40 குடும்பங்களையும் விசாரித்தேன். போனவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் அதிகம். இதையே இடப்பெயர்வின் பலன் என்று எழுதலாமா? கம்பெனிகள் மீதான விளைவை எப்படிச் சேர்ப்பது?

பதில்: அப்படி எழுத வேண்டாம். திருப்பூரில் சொந்தக்காரர் இருப்பவர், வாடகை அட்வான்ஸுக்குக் கையில் காசு உள்ளவர், உடம்பில் தெம்பு உள்ளவர்தான் பெரும்பாலும் கிளம்புகிறார். ஊரில் இருந்திருந்தாலும் அவர் கொஞ்சம் கூடுதலாகவே சம்பாதித்திருப்பார். இன்னொரு பக்கம், ஆட்கள் போனதால் களையெடுக்க ஆள் கிடைக்காமல் ஊர்க் கூலி ஏறியிருக்கலாம். அப்படியானால் போகாதவர் வருமானமும் இடப்பெயர்வால் மாறியதுதான். முதல் பிழை பலனைக் கூட்டிக் காட்டும், இரண்டாவது குறைத்துக் காட்டும்.

பொருளாதார அறிஞர்கள் ஹாரிஸும் டொடாரோவும் 1970இல் தந்த இடப்பெயர்வுக் கணக்கு மாதிரி (மாடல்) நல்ல தொடக்கம்: நகரக் கூலியை வேலை கிடைக்கும் வாய்ப்பால் பெருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, திருப்பூரில் ஷிஃப்டுக்கு 700 ரூபாய், ஆர்டர் மந்தத்தில் மாதம் 18 நாள்தான் வேலை என்றால் 12,600. ஊரில் 450 ரூபாய்க்கு 20 நாள் என்றால் 9,000. மிச்சம் 3,600. அதை லைன் வீட்டு வாடகையே தின்றுவிடும். அப்புறம் ஏன் போகிறார்கள்? மனைவிக்கும் செக்கிங் வேலை கிடைக்கிறது. மழை பொய்த்தாலும் பனியன் கூலி நிற்பதில்லை. இடப்பெயர்வைத் தனி ஆளின் முடிவாக இல்லாமல், ஆபத்தைப் பங்கிடும் குடும்பத்தின் முடிவாகப் பார்க்கச் சொன்னார்கள் ஸ்டார்க், புளூம் என்ற பொருளாதார அறிஞர்கள், 1985இல். அதனால் கணக்கைக் குடும்பத்துக்குப் போடுங்கள். திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது அம்மா பஸ்ஸில் ஏற்றிவிடும் அரிசிச் சிப்பத்தையும் விலை போட்டு எழுதுங்கள். ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் இந்த வரவைப் பல கேள்வித்தாள்கள் கேட்பதே இல்லை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மழைக்குறைவைக் கருவி மாறியாக, அதாவது ஆட்கள் போவதை மட்டும் மாற்றி, நாம் அளக்கும் பலனை நேரடியாகத் தொடாத வெளிக் காரணமாக, வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கம்பெனி மீதான விளைவை அளக்க அது ஓரளவு சரி: உங்கள் ஊர் மழை பனியன் ஆர்டரை நேரடியாகத் தொடாது, ஆள் வரத்தை மட்டும் மாற்றும். குடும்பத்தின் பலனை அளக்கச் சரிவராது. மழை அவர்கள் விளைச்சலையே பாதிக்கிறதே!

வங்கதேசத்தின் ரங்பூரில் 2008இல், வேலையும் சாப்பாடும் குறையும் பஞ்சகால மாதங்களில் வெளியூர் போக பஸ் செலவுக்குச் சிறுதொகை கொடுத்துச் சோதித்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்ததால் ஒப்பீடு சுத்தமாக இருந்தது. போன குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவு உயர்ந்தது, அடுத்த ஆண்டு காசு கொடுக்காமலே பலர் போனார்கள். உங்களால் அப்படிச் செய்ய முடியாது. சரி, அதே 80 வீடுகளுக்கும் திரும்பப் போய், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வருட நிலம், கடன், கூலி நாட்களைக் கேளுங்கள். அப்போது ஒரே நிலையில் இருந்த வீடுகளை மட்டும் ஜோடி சேருங்கள்.

கம்பெனியிடம் சம்பளத்தை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். சீனாவில் கிராமத்து ஆட்கள் அதிகம் வந்த நகரங்களில், ஆலைகள் ஆள் பலத்தை அதிகம் நம்பும் உற்பத்திக்கு மாறியதாக 2022இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஆள் நிறைய வந்த வருடம் புது மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்களா என்று கேளுங்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்களையும் சேர்த்தே ஆள் வரத்தை எண்ணுங்கள், இல்லையென்றால் அவர்களால் வந்த மாற்றம் உங்கள் ஊர்க் கணக்கில் ஏறிவிடும்.