சின்ன ஆடிதானே என்று விடலாமா?

கேள்வி: எங்கள் ஆறு அங்குல நியூற்றன் தொலைகாட்டியின் சிறிய ஆடி உடைந்துவிட்டது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினோம். நிலா பரவாயில்லை. நட்சத்திரங்கள் சிலுவை போலத் தெரிகின்றன, பக்கத்தில் மங்கலாக இன்னொன்றும் தெரிகிறது. ஒளியைத் திருப்புவதுதானே அந்த ஆடியின் வேலை, அதன் மேற்பரப்பு அவ்வளவு முக்கியமா?
– உயர்தர மாணவி, கோப்பாய்

பதில்: முக்கியம்தான், பிள்ளை. ஒளியைக் குவிக்கும் பெரிய ஆடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது தரும் படத்தைச் சிறியது கெடுத்துவிடும்.

முதலில் அந்த மங்கலான இரண்டாவது நட்சத்திரம். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கண்ணாடியும் ஏறத்தாழ 5 சதவீத ஒளியைத் தெறிக்கும். 3 மில்லிமீற்றர் தடிப்பென்றால் இரண்டு பிம்பங்களும் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் விலகும். முன்பக்கம் அலுமினியப் பூச்சுள்ள தளவாடி (தட்டையான ஆடி) வாங்கினால் இது தீர்ந்துவிடும்.

சிலுவைதான் பெரிய விஷயம். உங்கள் ஆடி 45 பாகை சரிந்து நிற்கிறது. அதில் மிகச் சிறிய குழிவு இருந்தாலும் சரிவுத் திசையில் ஒளி ஓரிடத்தில் குவியும், அதற்குச் செங்குத்தான திசையில் இன்னோரிடத்தில் குவியும். இரண்டுக்கும் நடுவே புள்ளிக்குப் பதில் சிலுவை. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நனோமீற்றர். ஒளியில் ஏறும் பிழை அதில் காற்பங்கைத் தாண்டக்கூடாது என்பது பழைய கணக்கு. 45 பாகையில் மேற்பரப்பின் பிழை 1.4 மடங்காக ஏறும். எனவே 100 நனோமீற்றருக்குள் தட்டையாக இருக்க வேண்டும். அலுமாரிக் கண்ணாடியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பார்வைத்துண்டை நகர்த்துங்கள். நட்சத்திரம் நீண்டு, மறுபக்கம் போனதும் அந்த நீட்சி 90 பாகை திரும்பினால் நான் சொன்ன குறைதான். பார்வைத்துண்டைச் சுழற்றும்போது நீட்சியும் சுழன்றால் குறை அதில். பெரிய ஆடியைக் கழற்றிச் சற்றுத் திருப்பிப் பொருத்தியும் நீட்சி பழைய திசையிலேயே நின்றால் சிறிய ஆடியையே சந்தேகிக்கலாம்.

எல்லாத் தொலைகாட்டியிலும் சிறிய ஆடி தட்டை அல்ல. சிறிய ஆடி ஒளியைப் பெரிய ஆடியின் நடுத்துளை வழியே பின்னால் அனுப்பும் கசக்ரேன் வகையில் அது குவிந்த அதிபரவளைவு. அதை வெறும் கோளமாகச் செய்தால், பெரிய ஆடி பரவளைவாக இருந்தாலும் படம் கலங்கும். 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைகாட்டியில் 2.4 மீற்றர் பெரிய ஆடியின் விளிம்பு 2.2 மைக்கிரோமீற்றர் அதிகம் தட்டையாகிப் போனது. 1993இல் அதைத் திருத்தியது நாணயம் அளவான சிறு ஆடிகள்! அவற்றில் எதிரான பிழையை வேண்டுமென்றே செதுக்கியிருந்தார்கள். சிறிய ஆடியின் வடிவத்துக்கு இருக்கும் வலிமையை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, புதிய தளவாடி வந்ததும் கடினமான பசையால் முழுப் பின்புறத்தையும் ஒட்டிவிடாதீர்கள். காயும்போது பசை கண்ணாடியை இழுத்து வளைக்கும். மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கனில் மூன்று பொட்டு போதும். புளிப்பு மணம் முற்றாகப் போனபிறகே குழாய்க்குள் பொருத்துங்கள்.